ஹூட்டர் ஊதவில்லை, பேனலில் ஃபால்ட்டும் இல்லை: ஒரு அட்ரசபிள் கண்ட்ரோல் மாட்யூலின் நிகழ்வு ஆய்வு

ஒரு விடுதியின் தீ எச்சரிக்கை அமைப்பில் காலாண்டுச் சோதனைக்காக இரண்டாம் மாடியின் மேனுவல் கால் பாயிண்ட்டை (தீயைக் கண்டவர் கையால் இயக்கும் சுவர்ப் பெட்டி) சாவி போட்டு இயக்கியதும், அமைப்பைக் கட்டுப்படுத்தும் பேனலில் தீ அறிவிப்பு வந்தது. அந்த மாடியின் ஹூட்டர்களை, அதாவது எச்சரிக்கை ஒலிப்பான்களை, பேனலின் கட்டளைப்படி இயக்கும் கண்ட்ரோல் மாட்யூலில் எல்.இ.டி. நிலையாக எரிந்தது. படிக்கட்டு ஓரத்திலும் மேற்குத் தாழ்வாரத்திலும் ஹூட்டர்கள் காதைப் பிளந்தன. கிழக்குப் பகுதியிலோ சத்தமே இல்லை, ஸ்ட்ரோப் விளக்கும் மின்னவில்லை. எட்டு ஹூட்டரில் மூன்று ஊமை. சோதனைக்கு முன்பும் சரி, ரீசெட் செய்த பிறகும் சரி, பேனலில் ஃபால்ட், அதாவது கோளாறு அறிவிப்பு, எதுவும் இல்லை, 'சிஸ்டம் நார்மல்' என்றுதான் இருந்தது.

ஒரு ஹூட்டர் கெட்டுப்போவது பெரிய செய்தி இல்லை. மூன்று ஹூட்டர் வரிசையாகச் செத்துக் கிடக்க, அதைச் சொல்வதற்கென்றே வைத்த கண்காணிப்பு வாய் திறக்காமல் இருந்ததுதான் இங்கே ஆராய வேண்டியது. கட்டடம் தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்ட தங்கும் விடுதி. இரவில் எல்லாரும் தூங்கும் இடம்.

அமைப்பு இருந்த விதம்

ஒரு லூப் பேனல்: பேனலில் தொடங்கிப் பேனலுக்கே திரும்பும் ஒரு கேபிள் வளையம் (லூப்), அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண். மாடிக்கு ஒரு கண்ட்ரோல் மாட்யூல், முகவரிகள் 21 முதல் 24 வரை. ஒவ்வொரு மாட்யூலின் வெளியீட்டிலும் எட்டு ஹூட்டர்-ஸ்ட்ரோப். லூப்பில் வரும் மின்சாரம் மாட்யூலின் மூளைக்கு மட்டும்தான் போதும், ஹூட்டரை ஊத வைக்கப் போதாது. அதனால் தரைத்தளக் காவலர் அறையில் தனியாக ஒரு 24 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளை. அதிலிருந்து 1.5 சதுர மி.மீ. இரட்டைக் கம்பி ஒன்று நான்கு மாட்யூல்களையும் தொட்டுக்கொண்டு மேலே போகிறது. மாட்யூல் வெளியீட்டின் அளவு 2 ஆம்பியர். லைன் முடிவில் போட வேண்டிய ஈ.ஓ.எல். (எண்ட் ஆஃப் லைன்) ரெசிஸ்டர் 47 கிலோ ஓம்.

இந்த 47 கிலோ ஓம் எல்லா மாட்யூலுக்கும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் கேட்கும் தயாரிப்புகளும் உண்டு. மாட்யூலோடு பெட்டியில் வந்த ரெசிஸ்டரைத் தொலைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேறு மதிப்பைப் போட்டால், ஒன்று ஃபால்ட் நிற்காது, அல்லது ஃபால்ட்டே வராது. இரண்டாவதுதான் ஆபத்து.

மாட்யூல் எதைப் பார்க்கிறது

அமைதி நிலையில் மாட்யூல் ஹூட்டர் லைனுக்குத் தலைகீழ் போலாரிட்டியில் (பிளஸ், மைனஸ் மாறிய நிலையில்) மிகச் சிறிய கண்காணிப்பு மின்சாரம் அனுப்புகிறது. ஒவ்வொரு ஹூட்டருக்குள்ளும் ஒரு டையோடு இருக்கிறது. தலைகீழாக வரும் மின்சாரத்தை அது உள்ளே விடாது. எனவே அந்த மின்சாரம் ஹூட்டர்களையெல்லாம் தாண்டி, கடைசியில் இருக்கும் ரெசிஸ்டர் வழியாக மட்டுமே திரும்பி வர முடியும். எதிர்பார்த்த அளவு திரும்பினால் நார்மல், வராவிட்டால் ஓபன் ஃபால்ட், அதிகமாக வந்தால் ஷார்ட் ஃபால்ட். தீ அறிவிப்பு வந்தவுடன் மாட்யூலின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) புரண்டு, வெளிச் சப்ளையின் 24 வோல்ட்டை நேர் போலாரிட்டியில் லைனுக்குக் கொடுக்கிறது. டையோடு திறக்கிறது, ஹூட்டர் ஊதுகிறது.

ஆக, மாட்யூலுக்குத் தெரிவது ரெசிஸ்டர் ஒன்றுதான். ஹூட்டரை அது பார்ப்பதே இல்லை. ரெசிஸ்டர் எங்கே இருக்கிறதோ அதுவரைக்கும்தான் பேனலின் 'நார்மல்' செல்லும்.

மூடியைத் திறந்தபோது

இரண்டாம் மாடி மாட்யூல் பெட்டியைத் திறந்து, வெளியீட்டு டெர்மினலிலிருந்து கம்பிகளைச் சற்று விலக்கிப் பார்த்தபோது அவற்றின் அடியிலேயே அந்த ரெசிஸ்டர் இருந்தது: மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, ஓரத்தில் தங்க வளையம். 47 கிலோ ஓம் சரியாக, தப்பான இடத்தில். லூப்பை முதலில் உயிரூட்டும்போது ஹூட்டர் லைன் தயாராக இருக்காது. ஃபால்ட் கத்தாமல் இருக்க ரெசிஸ்டரை மாட்யூலிலேயே போட்டு வைப்பது வழக்கம். பிறகு லைனை இணைக்கும்போது அதை எடுத்துக் கடைசி ஹூட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே அதே திருகின் கீழ் லைன் கம்பியையும் நுழைத்து இறுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பேனல் தன் மாட்யூலுக்குள் இருக்கும் இரண்டு அங்குலக் கம்பியை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தது.

இதை வெறும் மறதி என்று தள்ளிவிட முடியாது. வயரிங்கைப் பின்தொடர்ந்தபோது காரணம் புரிந்தது. மாட்யூலிலிருந்து 1, 2 ஆகிய ஹூட்டர்களுக்கு லைன் நேராகப் போகிறது. இரண்டாவது ஹூட்டர் பெட்டியில் அது இரண்டாகப் பிரிகிறது: மேற்கே 3, 4, 5, கிழக்கே 6, 7, 8. கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய கிளை இணைப்பு. இப்படிக் கிளை பிரித்தால் லைனுக்கு இரண்டு முனைகள். ரெசிஸ்டரோ ஒன்று. ஐந்தாவதில் போட்டால் கிழக்குக் கிளை கண்காணிப்புக்கு வெளியே போகும், எட்டாவதில் போட்டால் மேற்குக் கிளை போகும். இரண்டிலும் போட்டால் மொத்தம் 23.5 கிலோ ஓம் ஆகி, கண்காணிப்பை நம்ப முடியாமல் போகும். வயரிங் செய்தவருக்கு ரெசிஸ்டரை வைக்கச் சரியான இடமே கிடைத்திருக்காது. கிளாஸ் பி (மாட்யூலுக்குத் திரும்பாமல் ரெசிஸ்டரில் முடியும்) ஹூட்டர் லைனில் கிளை பிரிக்கக் கூடாது என்ற விதியின் காரணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. லூப்பில் சில பேனல்கள் கிளையை அனுமதிக்கும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கருவியையும் முகவரி சொல்லி அழைத்துப் பதில் வாங்குகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஹூட்டர் லைனிலும் கிளை போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அந்த முறுக்கிணைப்பில் மைனஸ் கம்பி நழுவி விலகிக் கிடந்தது. டேப்பின் பசை வெப்பத்தில் இளகியிருந்தது. மூன்று ஹூட்டர் ஊமையானதற்கு நேரடிக் காரணம் இவ்வளவுதான்.

ஒன்றின் பின்னால் இன்னொன்று

இணைப்பைச் சரிசெய்து, கிளையை நீக்கி, ரெசிஸ்டரைக் கடைசி ஹூட்டருக்குக் கொண்டுபோனதும் பேனலில் ஷார்ட் ஃபால்ட் வந்தது. லைனைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்ததில் குற்றவாளி ஏழாவது ஹூட்டர். பிளஸ், மைனஸ் மாற்றிப் போட்டிருந்தது. போலாரிட்டி மாறினால் டையோடு அமைதி நிலையில் திறந்துவிடும். கண்காணிப்பு மின்சாரம் ரெசிஸ்டர் வரை போகாமல் ஹூட்டர் வழியாகவே திரும்பும், மாட்யூல் அதை ஷார்ட் என்று படிக்கும். அறிவிப்பு நேரத்தில் அதே டையோடு மூடிக்கொள்ளும், ஹூட்டர் ஊதாது. கம்பி அறுந்து கிடந்தவரை இந்தத் தவறு வெளியே தெரிய வழியே இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் பல இடங்களில் மிக மோசமான குறுக்குவழி நடக்கிறது. சில மாட்யூல்களைக் கண்காணிப்புள்ள வெளியீடாகவும் வைக்கலாம், வெறும் ரிலேயாகவும் மாற்றலாம். ரிலேயாக மாற்றினால் ஃபால்ட் உடனே நின்றுவிடும், ஹூட்டர்களும் ஊதும். ஒப்படைப்பு நாளில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் அந்த மாடியின் லைனை இனி யாரும் பார்ப்பதில்லை. ரிலே முறை லிஃப்ட்டைக் கீழே இறக்கவும், ஏ.ஹெச்.யு.வை (கட்டடத்துக்குக் குளிர்காற்று அனுப்பும் எந்திரத்தை) நிறுத்தவும், கதவுக் காந்தத்தை விடுவிக்கவும் உரியது. ஹூட்டருக்கு அதை வைக்கவே கூடாது. பேனலின் கருவிப் பட்டியலை அச்செடுத்து, ஹூட்டர் மாட்யூல்கள் எந்த வகையாகப் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தக் கட்டடத்தில் நான்கும் சரியான வகையிலேயே இருந்தன.

மறு வயரிங்

வேலை தொடங்கும் முன் லூப் மின்சாரத்தையும் 24 வோல்ட் சப்ளையையும் அணைத்து, பேட்டரியையும் கழற்ற வேண்டும். பேட்டரி இருக்கும்வரை சப்ளை உயிரோடுதான் இருக்கிறது. வேலை நடக்கும் நேரத்தில் அந்த மாடிக்கு ஆள் காவல் போட்டு, விடுதி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதி.

லைனின் புதிய பாதை: மாட்யூல், 1, 2, அங்கிருந்து கிழக்கே 6, 7, 8, பிறகு 26 மீட்டர் புதுக் கேபிள் வழியாகத் திரும்பி 3, 4, 5. ரெசிஸ்டர் ஐந்தாவது ஹூட்டரில். மொத்த நீளம் 85 மீட்டர். ஒவ்வொரு ஹூட்டரிலும் வரும் கம்பியும் போகும் கம்பியும் தனித்தனி டெர்மினலில் அமர வேண்டும். கம்பியை வெட்டாமல் தோலை மட்டும் உரித்து, வளைத்து, ஒரே திருகின் கீழ் மாட்டுவது கைக்கு எளிது. ஆனால் திருகு தளர்ந்து ஹூட்டர் விலகினாலும் லைன் தொடர்ந்து இருக்கும், ஃபால்ட் வராது. வெட்டி இரண்டு முனையாகப் போட்டால் எந்த முனை விலகினாலும் லைன் அறும், மாட்யூல் சொல்லிவிடும்.

கருவிகளை மாட்டும் முன் கேபிளுக்கு மட்டும் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதனைக் கருவி): கம்பிக்கும் கம்பிக்கும் இடையே, ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே. மாட்யூலோ ஹூட்டரோ லைனில் இருக்கும்போது மெக்கர் சுற்றினால் அந்த மாட்யூல் அல்லது ஹூட்டரின் உள் எலெக்ட்ரானிக்ஸ் அந்த நொடியே போய்விடக்கூடும். லூப் கேபிளையும் அப்படித்தான், இரு முனையையும் எல்லாக் கருவிகளையும் கழற்றாமல் தொடக் கூடாது.

மாட்யூலைப் பொறுத்தவரை, முகவரியைப் பெட்டிக்குள் திருகும் முன்பே வைத்துவிட வேண்டும். பத்தாம் இலக்கத்துக்கு ஒரு சுழல் சுவிட்ச், ஒன்றாம் இலக்கத்துக்கு ஒன்று. 21-ஐ 12 என்று வைத்துவிடும் தவறு சாதாரணமாக நடப்பது, சுவர் ஓரத்தில் பெட்டிக்குள் மாட்டியபின் அந்த எண்களைப் படிக்கவும் கண்ணாடி வேண்டும். கம்பி முனையில் 6 மி.மீ. உரித்து, பலபிரிக் கம்பியானால் ஃபெரூல் (முனைக்கான உலோக உறை) அழுத்தி நுழைக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு சாண் கம்பி மிச்சம் இருக்கட்டும். லூப் கேபிளின் ஸ்கிரீனை (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை) மாட்யூல் பெட்டியில் எர்த் செய்யக் கூடாது. வரும் ஸ்கிரீனையும் போகும் ஸ்கிரீனையும் சேர்த்து, ஸ்லீவ் போட்டு மூடி, பேனல் முனையில் மட்டும் எர்த். இரண்டு இடத்தில் எர்த் ஆனால் ஸ்கிரீன் வழியாகச் சுற்று மின்சாரம் ஓடி, லூப் தகவல் தொடர்பு அவ்வப்போது தடுமாறும். அந்த வகை ஃபால்ட்டைத் தேடிப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

எல்லா ஹூட்டரும் மாட்டியபின், லைனை மாட்யூலில் சேர்க்கும் முன் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, சிவப்பு முள்ளை லைனின் மைனஸிலும் கறுப்பு முள்ளைப் பிளஸிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தத் திசையில் எல்லா டையோடுகளும் மூடியிருப்பதால் ஏறத்தாழ 47 கிலோ ஓம் மட்டும் காட்டும். மிகக் குறைவாகக் காட்டினால் ஒரு ஹூட்டராவது தலைகீழ், அல்லது ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் லைன் அறுந்திருக்கிறது. 23 கிலோ ஓம் அருகே காட்டினால் எங்கோ இரண்டாவது ரெசிஸ்டர் மறைந்திருக்கிறது. முதலாம் மாடியில் அப்படித்தான் இருந்தது, மாட்யூலில் ஒன்று, கடைசி ஹூட்டரில் ஒன்று.

பேனல் பார்க்காத இன்னொன்று: வோல்ட்டேஜ்

நான்கு மாடியும் சேர்ந்து ஊதும்போது, அதுவும் கரண்ட் போய்ப் பேட்டரியில் ஊதும்போது, கடைசி ஹூட்டருக்கு எவ்வளவு வோல்ட் போய்ச் சேரும்? இதை மாட்யூல் கண்காணிப்பதில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

24 வோல்ட் பேட்டரித் தொகுதியில் 12 செல். செல்லுக்கு 1.7 வோல்ட் வரை இறங்கும் என்று கொண்டால் 20.4 வோல்ட். கணக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும். இங்குள்ள ஹூட்டர்-ஸ்ட்ரோப் 16 வோல்ட் வரை வேலை செய்யும், 16 வோல்ட்டில் 120 மில்லி ஆம்பியர் இழுக்கும். வோல்ட்டேஜ் குறையக் குறைய ஸ்ட்ரோப் அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால் 24 வோல்ட்டுக்கு எழுதியிருக்கும் அளவை எடுக்கக் கூடாது, அதிகபட்ச அளவைத்தான் எடுக்க வேண்டும். மாடிக்கு எட்டு என்றால் 0.96 ஆம்பியர், நான்கு மாடிக்கு 3.84 ஆம்பியர்.

1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு 12.1 ஓம். காவலர் அறையிலிருந்து மூன்றாம் மாடி மாட்யூல் வரை 40 மீட்டர், போக வர 80 மீட்டர், 0.97 ஓம். அதில் 3.84 ஆம்பியர் ஓடினால் 3.7 வோல்ட் இழப்பு. ஹூட்டர் லைன் 85 மீட்டர், போக வர 170 மீட்டர், 2.06 ஓம், 0.96 ஆம்பியருக்கு 2 வோல்ட் இழப்பு. 20.4-இல் 5.7 போனால் மிச்சம் 14.7 வோல்ட். 16 வேண்டும், போதாது.

இது எல்லாச் சுமையும் கடைசியில் இருப்பதாக வைத்துப் போட்ட கடுமையான கணக்கு. உண்மையில் ஹூட்டர்கள் வழி நெடுக இருப்பதால் இழப்பு இதைவிடக் குறையும். ஆனாலும் இந்தக் கணக்கில் தேறும்படி வடிவமைப்பதே சரி, ஏனென்றால் நாளைக்கே யாராவது இரண்டு ஹூட்டர் கூடுதலாக மாட்டுவார்கள். கரண்ட் இருக்கும்போது சோதித்தால் இந்தக் குறை தெரியாது. அப்போது சப்ளை சார்ஜர் வோல்ட்டேஜில், 27 வோல்ட் சுற்றி நிற்கும். எல்லாம் நன்றாகவே ஊதும்.

திருத்தம்: மேலே போகும் ஒற்றை 1.5 இணைக்குப் பதில் இரண்டு 2.5 சதுர மி.மீ. இணைகள். ஒன்று தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். 2.5-க்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். 80 மீட்டருக்கு 0.59 ஓம், 1.92 ஆம்பியருக்கு 1.1 வோல்ட். ஹூட்டர் லைனின் 2 வோல்ட்டையும் கூட்டினால் 3.1. கடைசியில் 17.3 வோல்ட் நிற்கிறது.

ஒவ்வொரு மாடிக்கும் பிரியும் இடத்தில் தனி ஃபியூஸ் போடப்பட்டது. ஒரு மாடியில் நெருப்பு கேபிளைத் தின்று ஷார்ட் ஆனால், பொதுச் சப்ளையை இழுத்துத் தாழ்த்தி மற்ற மாடிகளையும் ஊமையாக்கிவிடும். ஃபியூஸ் அந்த மாடியை மட்டும் வெட்டிவிடும்.

இந்த 24 வோல்ட் சப்ளை மேலே வரும் வழியில் அறுந்தால்? மாட்யூலின் மூளை லூப்பில் உயிரோடு இருப்பதால் பேனலின் அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். வெளிச் சப்ளை போனதைச் சில மாட்யூல்கள் ஃபால்ட்டாகச் சொல்லும், சில சொல்லாது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே சொல்லவில்லை. எனவே ஒவ்வொரு இணையின் கடைசி மாட்யூலைத் தாண்டி 24 வோல்ட் கண்காணிப்பு ரிலே ஒன்று. சப்ளை இருக்கும்வரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும். அப்போது மூடியிருக்கும் அதன் காண்டாக்ட், காண்டாக்ட்டின் நிலையைப் பேனலுக்குச் சொல்லும் ஒரு மானிட்டர் மாட்யூலின் ஈ.ஓ.எல். ரெசிஸ்டரோடு தொடராக இருக்கிறது. சப்ளை போனால் ரிலே விழும், காண்டாக்ட் திறக்கும், பேனல் ஓபன் ஃபால்ட் காட்டும். ஃபியூஸ்கள் மாடிக்குப் பிரியும் கிளையில் இருப்பதால் ஒரு ஃபியூஸ் போனதை இந்த ரிலே சொல்லாது. அதற்கு ஃபியூஸ் அறுந்தால் காண்டாக்ட் தரும் வகை ஹோல்டர் வாங்கி, அந்தக் காண்டாக்ட்டையும் அதே தொடரில் சேர்க்க வேண்டியிருந்தது.

பேட்டரி 7 ஆம்பியர்-மணி இருந்தது. சப்ளையின் சொந்த இழுப்பு 60 மில்லி ஆம்பியர் 24 மணி நேரத்துக்கு 1.44 ஆம்பியர்-மணி, பிறகு அரை மணி நேரம் ஊத 1.92, மொத்தம் 3.36. வயதாவதற்கு 25 விழுக்காடு சேர்த்தால் 4.2. தாளில் 7 போதும் போலத் தோன்றும். ஆனால் பேட்டரி மேல் எழுதியிருக்கும் அளவு 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. 3.84 ஆம்பியராக உறிஞ்சினால் அதில் கணிசமான பங்கு கிடைக்காது. 12 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டு, தொடராக.

சோதனை

ஒவ்வொரு ஹூட்டரிலும் ஒரு கம்பியைக் கழற்றி ஃபால்ட் வருகிறதா என்று பார்ப்பது: 32 ஹூட்டர், 32 முறை. மாதிரிக்கு இரண்டு போதும் என்று நிறுத்தியிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது, குறையும் அப்படியே இருந்திருக்கும். ஐரோப்பியத் தரம் ஈ.என். 54-2 படி 100 நொடிக்குள், அமெரிக்க என்.எஃப்.பி.ஏ. 72 படி 200 நொடிக்குள் பேனல் ஃபால்ட்டைக் காட்ட வேண்டும். கடிகாரம் பிடித்துப் பார்த்து எண் எழுதப்பட்டது. அடுத்து ஒவ்வொரு லைன் முனையிலும் ஷார்ட், ஒவ்வொரு கம்பியையும் எர்த்தில் தொடுதல். பிறகு கரண்ட்டை அணைத்து நான்கு மாடியும் பேட்டரியில் அரை மணி நேரம். முடிவில் மூன்றாம் மாடிக் கடைசி ஹூட்டரில் 22.1 வோல்ட்.

அமைதி நிலையில் அதே இடத்தில் மீட்டர் வைத்தால் மைனஸ் குறியோடு சிறிய வோல்ட்டேஜ் தெரிய வேண்டும். அந்த மைனஸ் குறிதான் கண்காணிப்பு மின்சாரம் கடைசி ஹூட்டர் வரை வந்துவிட்டது என்பதன் நேரடி அடையாளம். மாட்யூல் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: ஈ.ஓ.எல். இருப்பது ஐந்தாவது ஹூட்டரில், மதிப்பு 47 கிலோ ஓம், லைன் போகும் வரிசை, அளந்த வோல்ட்டேஜ், தேதி.

ஒன்று மட்டும் இந்த வேலையில் தீரவில்லை. தூங்கும் அறையில் தலைமாட்டில் 75 டெசிபல் கேட்க வேண்டும் என்று என்.எஃப்.பி.ஏ. 72-உம் பிரிட்டனின் பி.எஸ். 5839-உம் சொல்கின்றன. தாழ்வாரத்து ஹூட்டர் ஒரு மீட்டரில் 100 டெசிபல் கொடுத்தாலும் நான்கு மீட்டரில் 88 ஆகிவிடும். மூடிய கதவு 20 டெசிபலுக்குக் குறையாமல் தின்றுவிடும். கட்டிலில் 68-தான் மிஞ்சும். தாழ்வாரத்தில் எத்தனை ஹூட்டர் சேர்த்தாலும் அந்தக் கதவைத் தாண்டிப் போதுமான சத்தம் போகாது. அறைக்குள் டிடெக்டரின் அடியிலேயே ஊதும் சவுண்டர் பேஸ் வேண்டும். அது லூப்பிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் லூப் சுமைக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அந்தக் கணக்கு முடியும்வரை இரவுக் காவலர் ஒவ்வொரு மாடியிலும் கதவு தட்டி எழுப்பும் ஏற்பாடு எழுத்தில் இருக்கிறது.